பாதி ஓடும் கிரைண்டர்

உபரி உற்பத்தித் திறன் என்று பதினான்கு வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்துகிறேன். செய்ய முடிவது ஒரு அளவு, செய்வது அதற்கும் குறைவு. நடுவில் சும்மா கிடப்பதுதான் அது. அதை நான் கண்ணால் பார்த்தது போன சித்திரையில், நெடுங்காட்டில் அண்ணன் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில்.

அண்ணி இட்லி மாவு அரைத்து விற்கிறார். கீழவாஞ்சூரில் லாரிக்காரர்கள் சாப்பிடும் இரண்டு கடைகளுக்கும், தெருவில் சில வீடுகளுக்கும். வாங்கியது இருபது லிட்டர் கிரைண்டர், விற்பது பத்து லிட்டர். ஆனாலும் தினமும் முழுசாகப் போட்டு அரைத்திருக்கிறார். அந்த வெயிலில் மிச்ச மாவு புளித்துப் பொங்கி, வீட்டில் மூன்று வேளையும் தோசைதான். தூக்குவாளியோடு அண்ணி வருவதைக் கண்டாலே பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திவிடுவார்களாம்.

அண்ணன் பொறுக்கமாட்டாமல் என்னைக் கூப்பிட்டான். "நீதான் எக்கனாமிக்ஸ் டீச்சராச்சே, நீயே சொல்லு. இதை வித்துட்டுப் பேசாம வீட்டைப் பாருன்னா கேக்க மாட்டேங்குறா."

அண்ணி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் 'விற்றுவிடு' என்றால் அவருடைய தொழில் அன்றோடு முடிந்தது.

எனக்கோ ஒரே குறுகுறுப்பு. "பாதி போட்டா மசியாதா அண்ணி?"

"நல்லாவே மசியும்."

"அப்புறம் ஏன் முழுசாப் போட்டீங்க?"

"இவ்ளோ பெரிய மெஷின அரை வயித்தோட ஓட்ட மனசு கேக்கலைங்க."

அட கடவுளே! முடிகிறது என்பதற்காக அத்தனையும் அரைக்க வேண்டுமா என்ன? விற்கிற அளவுக்கு அரைத்தால் போதும், கல்யாண ஆர்டர் வந்தால் மீதித் திறன் கைகொடுக்கும் என்றேன். வாய் சும்மா இருக்குமா? "செய்யத் தெம்பிருந்தும் வேலையில்லாம கிடக்குது பாருங்க, அதுக்குப் பேருதான் உபரித் திறன்" என்று வகுப்பும் எடுத்தேன்.

அண்ணி கிரைண்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் கெமிஸ்ட்ரியில ஃபர்ஸ்ட் கிளாஸுங்க. கல்யாணமான புதுசுல லேப்ல வேலை கெடச்சுது, போகவிடல. பதினோரு வருஷமாச்சு. அப்ப நானும் அதானே?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "மெஷின விக்காதண்ணே" என்று மட்டும் சொன்னேன். அந்த லேப் வேலை வந்தபோது நானும் அந்த வீட்டில் இருந்துதான் கல்லூரிக்கு வேலைக்குப் போய்வந்தேன். 'அண்ணியும் வேலைக்குப் போயிட்டா வீட்டை யாரு பாக்குறது?' என்று முதலில் கேட்டவள் நான்தான்.