சாய்வெயிலுக்கு ஒரு பந்தல்

சறுக்குமரத்தில் தொடையைச் சுட்டுக்கொண்ட பிறகு, பூங்கா என்றாலே வரமாட்டேன் என்று என் மகள் அடம்பிடித்தாள். ஐந்து வயது. மைசூருவின் சித்திரை வெயிலில் அந்தத் தகடு தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. கட்டட வரைபடம் போடுவதுதான் என் வேலை. குடியிருப்போர் சங்கத்திடம் போய், விளையாடும் இடத்துக்கு நிழற்பந்தல் நானே வரைந்து தருகிறேன் என்றேன். சம்மதித்தார்கள்.

எங்கள் பூங்காவை மதியம் முழுக்கப் பூட்டி வைத்திருப்பார்கள். நாலு மணிக்குத் திறந்த பிறகுதான் பிள்ளைகள் வருவார்கள். அந்நேரத்து வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அதனால் பந்தலைச் சறுக்குமரத்துக்கு மேற்கே தள்ளி வரைந்தேன்.

கான்கிரீட் போடும் நாளன்று மூன்று மணிவாக்கில் போய்ப் பார்த்தால், சறுக்குமரத்தை நட்டநடுவில் வைத்து நான்கு பக்கமும் குழி தோண்டியிருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சங்கச் செயலாளர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரர், ஊரில் பல கல்யாணங்களுக்கு முன்நின்று பந்தல் போட்டவர்.

"ஏனுங்க அம்மிணி, பந்தல்னா நடுவுல நின்னாத்தானே லட்சணம்? ஓரமாப் போட்டா ஊரே சிரிக்குமுங்க" என்றார்.

"நிழல் எங்க விழும்னு பாத்தீங்களாண்ணா?"

"பந்தலுக்குக் கீழதான். வேறெங்க போயிரப் போகுது?"

கலவை தயாராகிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு குழிக்குள் இறங்கி நின்றுகொண்டேன்.

"இதே இடத்துல தார்ப்பாயைக் கட்டிக் காட்டுங்க. நாலு மணி வரைக்கும் நான் ஏறமாட்டேன்."

மேஸ்திரி சிரித்துவிட்டார். செயலாளரின் முகம் கறுத்தது. பெரியவரிடம் அப்படி நடந்திருக்கக் கூடாதுதான். ஆனால் கான்கிரீட் இறுகிவிட்டால் அப்புறம் யார் வந்து உடைப்பார்கள்?

மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள். நாலு மணிக்கு நிழலெல்லாம் கிழக்கே நடைபாதையில் கிடந்தது. செயலாளர் அதில் சுகமாக நின்றிருந்தார். சறுக்குத் தகடோ வெயிலில் பளபளத்தது. அவரே போய் அதில் உள்ளங்கையை வைத்தார், வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டார்.

"மேக்கால தள்ளித் தோண்டுங்கப்பா" என்றார் மேஸ்திரியிடம். ஊர் சிரிப்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

பந்தல் எழும்பியதும் மகளை இழுக்காத குறையாகக் கூட்டிப் போனேன். சறுக்குமரம் முழுக்க நிழலில் இருந்தது. ஒற்றை விரலால் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு படி ஏறினாள். நான்தான் எங்கேயாவது சுடுகிறதா என்று தகட்டை மேலும் கீழும் தடவிக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, கையை எடு!" என்று மேலேயிருந்து கத்தினாள். "நான் வர்றேன்!"