அவிழ்க்கும் முறை அடுத்த இதழில்

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரிலிருந்து ஒரு கோலாட்டப் பத்திரிகை வந்தது என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். நாலு பக்கம், சைக்ளோஸ்டைல். நடத்தியது நானும் என் மனைவியும். எனக்கு ஆட வராது. அரிசி ஆலையில் வேலை பார்த்தவன். படிப்பு எட்டாவதோடு சரி. கையெழுத்து மட்டும் பெருமாள் புண்ணியத்தில் அழகாக இருக்கும்.

கோயில் பஜனையில் பெண்களைச் சேர்த்துக் கோலாட்டம் கட்டியவள் அவள். மாகறல், தென்னேரி, ஐயங்கார்குளம் என்று கல்யாணமாகிப் போன பெண்கள் அங்கேயும் குழு சேர்த்துக்கொண்டு, அடுத்து என்ன ஆட்டம், என்ன பாட்டு என்று கேட்டு ஆள் அனுப்புவார்கள். ஊர் ஊராகப் போய்ச் சொல்ல அவள் உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் பத்திரிகை.

அவள் அடுப்படியிலிருந்து சொல்வாள். நான் கூடத்தில் உட்கார்ந்து மெழுகுத் தாளில் ஊசிப் பேனாவால் கீறுவேன். வட்டம் போட்டு, ஆடுகிறவர்களுக்குப் புள்ளி வைத்து, போகிற வழிக்கு அம்புக்குறி. எழுதியதை வாசித்துக் காட்டவேண்டும்; தப்பு என்றால் கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டு விழும். கடைத்தெருத் தட்டச்சுப் பள்ளியின் இயந்திரத்தில் உருட்டி எடுத்து, முதல் பிரதியைப் பெருமாள் திருவடியில் வைத்த பிறகுதான் மற்றவை தபாலுக்குப் போகும்.

ஓர் ஐப்பசி இதழில் பின்னல் கோலாட்டம் எழுதினோம். மேலே வளையத்திலிருந்து தொங்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, உள்ளும் வெளியுமாகச் சுற்றி ஆடினால் ஜடை போலப் பின்னிக்கொண்டு வரும். எதிர்ப்பக்கமாக ஆடினால் அவிழும். நான் வாசித்ததும் தட்டு விழுந்தது.

“ஏங்க, நீங்க எய்திக்கீறது அவுக்குறதுக்கு. இன்னும் பின்னவே இல்ல, அதுக்குள்ள இன்னா அவசரம்? உள்ள போவ வேண்டியவள வெளில தொரத்திக்கினு கீறீங்க.”

“ரெண்டும் சுத்தறதுதானே?”

“ஆமா, சோறு வடிக்கிறதும் துன்றதும் ஒங்களுக்கு ஒண்ணுதான்.”

கீறியதைச் சிவப்பு மருந்து தடவி அழித்துவிட்டுச் சரியாக எழுதினேன். அதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. ‘அவிழ்க்கும் முறை அடுத்த இதழில்’ என்று போட்டோம். அவள் சொல்லி இன்னொரு வரியும் சேர்த்தேன்: ஆடிப் பின்னியதை ஆடித்தான் அவிழ்க்கவேண்டும், கையால் பிரிக்கக்கூடாது, இது தெய்வ காரியம்.

கார்த்திகையில் அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் தங்கவில்லை. பெருமாள் கூப்பிட்டுக்கொண்டார். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மார்கழி பிறந்ததும் மாகறலிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் மனைவியிடம் ஆடப் பழகியவள். அண்ணி எங்கே என்று வாசலில் நின்று கேட்டாள். சொன்னேன். அழுது ஓய்ந்து, தயங்கித் தயங்கிப் பேசினாள்.

“ஐப்பசி பொஸ்தகத்த பாத்து கோயில் மண்டபத்துல பின்னிட்டோம்ணா. அடுத்தது வரும் வரும்னு பாத்துக்கினு கீறோம். அப்டியே தொங்கிக்கினு கீது. திருவாதிர வேற வருது, மண்டபம் வோணும்.”

“கையால அவுத்துட வேண்டியதுதானம்மா?”

“அண்ணியே கூடாதுன்னு போட்டுக்கீதே. எப்டிண்ணா கை வைக்கிறது?”

அந்தப் பெண் போனதும் மெழுகுத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு கோடு வரவில்லை. அடுப்படியில் சத்தமே இல்லை. தப்பென்றால் யார் தட்டுவார்கள்? அந்த ஓர் இதழாவது வராவிட்டால் அவள் வாக்குப் பொய்யாகிவிடுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் மாகறல் போனேன். பழைய புடவைகளைக் கிழித்து முறுக்கிய கயிறுகள் ஒரே ஜடையாகித் தூசி படிந்து தொங்கின. பெண்கள் சுற்றி நின்று என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குத் தெரியாதம்மா என்று வாயெடுத்தபோதுதான் என் மனைவி அடுப்படியிலிருந்து ஏசியது ஞாபகம் வந்தது. நீங்கள் எழுதியது அவிழ்க்கிறதுக்கு என்றாளே. அன்றைக்கு நான் கீறி அழித்தது எனக்கு மறக்கவில்லை.

“எல்லாரும் திரும்பி நில்லுங்கம்மா. கடசியா உள்ள போனவங்க மொதல்ல வெளில வாங்க.”

நான் நாமாவளி பாடினேன். முதல் சுற்றில் ஒருத்தி இடித்துக்கொண்டாள். “மண்டைய பாத்துக்கினு வாடி!” என்றாள் இன்னொருத்தி. பிறகு கால் சேர்ந்துகொண்டது. ஜடை மேலேறி மேலேறித் தளர்ந்தது. கடைசிக் கயிறும் விலகியதும் அவர்கள் நின்றுவிட்டார்கள். எனக்குத்தான் பாட்டை நிறுத்த முடியவில்லை. அந்த ஜடை அவிழாமல் தொங்கியவரைக்கும் அவள் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று இருந்தது. இப்போது அதுவும் முடிந்துபோயிற்று.

தை மாதம் கடைசி இதழைப் போட்டேன். அவிழ்க்கும் முறை மட்டும், ஒரே பக்கம். பழக்கத்தில் கீழே ‘அடுத்த இதழில்’ என்று கீறிவிட்டேன். மருந்து தடவினேன். சரியாகக் காயவில்லை போலிருக்கிறது. உருட்டியபோது எல்லாப் பிரதியிலும் அந்த இரண்டு சொல்லும் மங்கலாக விழுந்திருந்தன. அப்படியே ஒன்றைப் பெருமாள் திருவடியில் வைத்துவிட்டு, மற்றவற்றைத் தபாலில் சேர்த்தேன்.