முகத்துவாரத்துப் புதுத்தண்ணீர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் என் கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலை. செஞ்சி கடைத்தெருவில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். வானத்துத் தண்ணீர் வந்துவிட்டால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் காயில் எரியாது, காயில் எரியாவிட்டால் என்னை எவன் தேடி வரப்போகிறான்? அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் மூன்று பேரும் கடலில் தூண்டில் போடக் கிளம்பினோம். டிவியில் புயல் சின்னம், புயல் சின்னம் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். வெயில் அடிக்கும், திடீரென்று இருட்டிக்கொண்டு கொட்டும், மறுபடியும் ஒன்றும் நடக்காத மாதிரி வெயில் அடிக்கும். வாரம் முழுக்க அப்படித்தான் இருந்தது.

ஒருத்தன் பக்கத்துச் சிங்கவரம் ஊர்க்காரன், சிங்கவரத்தான் என்றே கூப்பிடுவோம். நிலத்தில் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறவன். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். இன்னொருத்தன் கடைத்தெருவில் எனக்கு எதிரே அரிசிக்கடை வைத்திருப்பவன், சமணக் குடும்பம். மீனைத் தொடமாட்டான், தூண்டிலையும் தொடமாட்டான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அவன் காரில்தான் போவோம். நாங்கள் மீன் பிடிக்கும்போது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பான். "ஏன்டா, நீ பாக்கலன்னா மீன் சாவாதா?" என்று சிங்கவரத்தான் கேட்பான். "நீ சாவடிக்கறது எனக்குத் தெரிய வேணாம், அவ்ளோதான்" என்பான் இவன். வருஷா வருஷம் இதே பேச்சு. வருஷா வருஷம் சிரிப்போம்.

எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற சங்கராபரணி, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேருகிறது. நாங்கள் போனது அந்த முகத்துவாரத்துக்குத்தான். மழைக்காலத்தில் போவதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஏரி நிரம்பி வழிந்தால், கோடி போகிறது என்போம். கோடி போகிற அன்றைக்கு ஊரே வலையும் கூடையுமாக அந்த வழிகிற தண்ணீரில்தான் நிற்கும். புதுத்தண்ணீர் வந்தால் மீன் ஏறும். இது நாங்கள் பால் குடித்த நாளிலிருந்தே தெரிந்த விஷயம். முந்தின ராத்திரி செஞ்சி மலைப் பக்கம் நல்ல மழை. "நம்ம ஊரு தண்ணி மத்தியானம் அங்க வந்து சேரும்டா. கொடுவா சும்மா துள்ளும் பாரு" என்றான் சிங்கவரத்தான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். புறப்படும்போது அவன் மனைவி வாசலில் நின்று, "மழ வராப்புல இருக்குது, தண்ணியில எறங்காதீங்க" என்றாள். "எனக்கு நீச்சல் தெரியாதா இன்னா?" என்று சிரித்துவிட்டு வண்டியில் ஏறினான்.

நீச்சல் தெரியும்தான். சிங்கவரத்தில் பாதிப் பேருக்கு அவன் கற்றுக்கொடுத்ததுதான் நீச்சல். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவான். எனக்கும் அவன்தான் கற்றுக்கொடுத்தான். அரிசிக்கடைக்காரனை மட்டும் அவனால் தண்ணீரில் இறக்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்து கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வளர்ந்தவன், கணுக்கால் நனைந்தாலே முகம் மாறிவிடும்.

போய்ச் சேர்ந்தபோது கரையில் எல்லாப் படகுகளும் மேலே இழுத்துப் போடப்பட்டிருந்தன. கடலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை. வலை சரிசெய்துகொண்டிருந்த ஒருவர் எங்கள் தூண்டில்களைப் பார்த்துவிட்டு, "அந்த மணல் திட்டுல நிக்காதீங்கப்பா, ஆத்துல புதுத்தண்ணி வரப்போவுது" என்றார். "அதுக்குத்தாங்க வந்திருக்கோம்" என்று நாங்கள் பல்லை இளித்தோம். அவர் மறுபடி வலைப் பக்கம் குனிந்துகொண்டார். பைத்தியங்களிடம் என்ன பேச்சு என்று நினைத்திருப்பார்.

ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் கடல் குமுறிக்கொண்டிருந்தது, மறுபக்கம் ஆறு குட்டை மாதிரி அசையாமல் கிடந்தது. நாங்கள் பயந்து பயந்து பார்த்ததெல்லாம் கடலைத்தான். அலை பெரிதாக வந்தால் பின்னால் ஓடிவருவோம், போனதும் மறுபடி போய் நிற்போம். எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி யாருக்கும் பயமே இல்லை.

ரொம்ப நேரம் ஒரு கடி கூட இல்லை. மழை ஒரு தரம் அடித்து நனைத்துவிட்டுப் போனது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏன்டா, முள்ளுல எர மாட்டத் தெரியுமா உனக்கு? எறால இப்படியா குத்துவாங்க?" என்று சிங்கவரத்தானைப் பிடித்துக் கத்தினேன். அவன் பதிலுக்கு, "போயி கார்ல இருக்கற நல்ல எறால எடுத்துனு வா, அப்பறமா பேசு" என்றான். நான் அரிசிக்கடைக்காரனிடமிருந்து கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, திட்டிலிருந்து இறங்கிக் கரைப் பக்கம் நடந்தேன். கார் தூரத்தில் தென்னந்தோப்பு ஓரம் நின்றிருந்தது. பின்னால் அரிசிக்கடைக்காரனின் குரல் கேட்டது. கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் ஆற்றை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "டேய், தண்ணி செவக்குதுடா." அதற்குச் சிங்கவரத்தான், "நம்ம ஊரு மண்ணுடா அது!" என்று கூவினான். திருவிழாவில் சாமி வருகிறது என்று கூவுகிற மாதிரி இருந்தது.

நான் காரைத் திறந்துகொண்டிருந்தபோது கரையில் ஆட்கள் கத்துகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் திட்டின் நடுவில் ஆறு உடைத்துக்கொண்டு ஓடுகிறது. கரைப் பக்கத்து மணல் கண் முன்னாலேயே பாளம் பாளமாக விழுகிறது. மிச்சமிருந்த மணலில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். அடுத்துப் பார்க்கும்போது மணலும் இல்லை, அவர்களும் இல்லை. சிவப்புத் தண்ணீரில் வெள்ளையாக அந்தத் தெர்மாகோல் ஐஸ் பெட்டி மட்டும் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு தலைகள்.

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. எதையாவது வீசலாம் என்று டிக்கியைத் திறந்து தேடினேன். ஸ்டெப்னி, ஜாக்கி, கிழிந்த குடை, நாலைந்து காலிச் சாக்கு. கயிறு ஒரு முழம் கூட இல்லை. அட நாசமாப் போற வண்டியே என்று அதை உதைத்துவிட்டுக் கரைக்கு ஓடினேன். அதற்குள் அந்த வலைக்காரரும் இன்னும் சிலரும் ஒரு ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நானும் போய்த் தள்ளினேன். அலை அதை இரண்டு தரம் திருப்பிப் போட்டது.

அப்போதுதான் ஒரு தலை பெட்டியை விட்டு விலகியது. கரையைப் பார்த்து நீந்தத் தொடங்கியது. அந்தக் கை வீச்சை எனக்குத் தெரியாதா? சிங்கவரத்தான்தான். பக்கத்தில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தன், "பாரு, நீச்சல் தெரியாதவன உட்டுட்டு இவன் மட்டும் வரான்" என்றான். அவனை அறையலாம் என்று கை எழுந்தது. ஆனால் எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. அதைவிட, வாடா வாடா என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவன் நேராகக் கரையை நோக்கி, ஆறு கடலுக்குள் பாய்கிற அந்தப் பாய்ச்சலுக்கு எதிராக நீந்தினான். கிணற்றில் படிக்கட்டைப் பார்த்து நீந்துகிற மாதிரி. ஒரு முழம் வருவான், இரண்டு முழம் பின்னால் போவான். "சைடுல போ, சைடுல போ!" என்று படகுக்காரர்கள் கத்தினார்கள். அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது. கை வீச்சு மெதுவாகியது. அதற்குள் மழை வந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

படகு அரிசிக்கடைக்காரனைத்தான் கொண்டுவந்தது. தண்ணீர் அவனை அலைக்கு அப்பால் கொண்டுபோய், அமைதியான இடத்தில் விட்டுவிட்டிருந்தது. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் மிதந்திருக்கிறான். அவன் விரல்களை அதிலிருந்து பிரித்தெடுக்கவே கஷ்டப்பட்டார்கள். நீச்சல் தெரியாதவன் பிழைத்தான், ஊருக்கே நீச்சல் சொல்லிக்கொடுத்தவனைக் காணவில்லை. இதை எந்தக் கடவுளிடம் போய்ச் சொல்ல?

போனில் அவன் மனைவியிடம் நான்தான் சொன்னேன். "அவருக்கு நீச்சல் தெரியும்ணா. எங்கனா ஏறி உக்காந்துனு இருப்பாரு, நல்லாத் தேடுங்க" என்றாள். அன்று சாயங்காலம் வரைக்கும், அவன் உயிரோடு வரணும் என்று வேண்டினேன். விடிந்தபோது என் வேண்டுதல் மாறிவிட்டிருந்தது. உடம்பாவது கிடைக்கட்டும், அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஏதாவது கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வடக்கே கொஞ்ச தூரத்தில் ஒதுங்கியிருந்தான். கண், காது, மூக்கு எல்லாம் சிவப்பு மண். ஆஸ்பத்திரி வேலை முடித்து வேனில் சிங்கவரத்துக்குக் கொண்டுபோனோம். வழியில் எல்லா ஏரியும் கோடி போய்க்கொண்டிருந்தது. ஜனங்கள் தண்ணீரில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வேன் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

அடக்கம் முடிவதற்குள்ளேயே அந்த வீடியோ ஊருக்கு வந்துவிட்டது. படம் எடுத்தவன் பேசியதும் அதிலேயே இருந்தது. டீக்கடையில், ரேஷன் கடையில், பஸ்ஸில், எல்லார் கையிலும் அதுதான். "கூட்டாளிய உட்டுட்டு ஓடி வந்தான், சாமி சும்மா உடுமா" என்று என் கடை வாசலில் நின்றே ஒருத்தன் சொன்னான். வாயில் அடித்தால் பல் விழுந்திருக்கும். ஆனால் எதைச் சொல்லி அடிப்பது? அரிசிக்கடைக்காரன் போலீசிடம் கூட, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்பதற்கு மேல் பேசவில்லை. கடையைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். நானும் அவனைக் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

காரியத்தன்று இரண்டு பேரும் போனோம். பந்தலில் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். சடங்கெல்லாம் முடிந்து பந்தி போடுகிற நேரம். அவள் உள்ளேயிருந்து நேராக எங்களிடம் வந்தாள். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. பார்க்கவே முடியவில்லை.

"அண்ணா, அந்த வீடியோவ நானும் பாத்தேன்" என்று அரிசிக்கடைக்காரனைப் பார்த்துச் சொன்னாள். "எத்தினி வாட்டி பாத்தேன்னு எனக்கே தெரியல. நீங்க சொல்லுங்க. அவரு உங்கள உட்டுட்டுதான் வந்தாரா?"

அவள் மச்சினன், "உள்ள போங்க அண்ணி, அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றான். அவள் அசையவில்லை.

அரிசிக்கடைக்காரன் எழுந்து நின்றான். "இல்லம்மா," என்றான். அத்தனை நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் அவன் குரலைக் கேட்டேன். "நான்தாம்மா அவன் கழுத்தக் கட்டிப் புடிச்சினு இருந்தேன். அவன்தான் என் கைய எடுத்துப் பொட்டி மேல வெச்சான். 'ரெண்டு பேரும் தொங்குனா பொட்டி ஒடஞ்சிடும்டா. நீ இத மட்டும் உட்டுடாத, நான் போயி கார்ல இருந்து கயிறு எடுத்துனு வரேன்'னு சொன்னான். சொல்லிட்டுப் போனான்." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

எங்கள் ஊரில் கிணற்றில் எவனாவது தத்தளித்தால் முதலில் எழுகிற சத்தமே கயிறு, கயிறு என்பதுதான். நீச்சல் தெரிந்தவன் மேலே ஏறிப்போய் மோட்டார் கயிற்றை எடுத்துவந்து வீசுவான். சிங்கவரத்தான் அப்படி எத்தனை பேரைத் தூக்கியிருக்கிறான். அந்த முட்டாப்பயல் கடலையும் கிணறு என்றே நினைத்துவிட்டான். அவனைப் பற்றி நான் ஒரு நொடி நினைத்த நினைப்பு இருக்கிறதே, அதை நினைத்து அந்தப் பந்தலிலேயே அழுதேன். வெட்கப்படவில்லை.

பின்வரிசையில் யாரோ, "கார்ல கயிறு எங்க இருக்கப்போவுது, இப்ப எத வேணாலும் சொல்லலாம்" என்று முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது. அவளுக்கும் விழுந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானேண்ணா கார்கிட்ட இருந்தீங்க. கார்ல கயிறு இருந்துச்சா?"

பந்தல் முழுக்க என்னைத்தான் பார்த்தது. 

"இருந்துச்சும்மா," என்றேன். "டிக்கியிலதான் இருந்துச்சு. ஸ்டெப்னிக்கு அடியில. நீட்டுக் கயிறு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அரிசிக்கடைக்காரனைப் பார்த்தாள். கார் அவனுடையது. அவன் துண்டை வாயிலிருந்து எடுத்தான்.

"நைலான் கயிறும்மா," என்றான்.