சனம் நிற்காத நகரம்

சமாதான காலம் என்று சொல்லப்பட்ட அந்த வருடங்களில், வன்னியில், எங்கள் ஜெயபுரத்திலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு யாரோ கொஞ்சக் கம்ப்யூட்டர்கள் கொடுத்தார்கள். கரண்ட் கிடையாது. சனிக்கிழமைகளில் ஜெனரேட்டர் ஓடும். உங்கள் பெரியக்காவை அப்பா நான்தான் ஏற்றிக்கொண்டு போவேன். நீங்கள் அப்போது சின்னப்பிள்ளைகள், ஒன்றும் நினைவிருக்காது. அவளும் இதைப் பற்றிக் கதைப்பதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் டைப் அடிக்கப் பழக்குவார்கள். பிறகு நகரம் கட்டும் விளையாட்டு. திரையில் வெறுங்காணி வரும். அதில் வீதி போட்டு, வீட்டுக்கு இடம், கடைக்கு இடம் என்று குறித்து, தண்ணீரும் கரண்டும் இழுத்துவிட்டால் சனம் தானாக வந்து குடியேறும். பிடிக்காவிட்டால் எழும்பிப் போய்விடும்.

படிப்பித்த மிஸ் ஒருநாள் சொன்னார்: அழகாகவும் உண்மையான நகரம் போலவும் கட்டுகிற ஒரு பிள்ளைக்குக் கிளிநொச்சியில் தொடங்கப்போகும் வகுப்பில் இடம் உண்டு. கம்ப்யூட்டரில் வீட்டுப்படம் கீறுகிற படிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்து சொல்லித் தருவார். அக்காவுக்கு அந்த இடம் வேண்டும் என்று ஒரே பிடி. வேறெதையும் அவள் அப்படிக் கேட்டதில்லை.

அவளுக்குப் பின்னால் ஒரு கதிரையில் நான் இருந்தேன். அவள் முதல் வீதியைப் போட்டாள். அதன் ஓரமாக வீடுகளை ஒட்டி ஒட்டி ஒரே வரிசையில் வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பிள்ளை, லயம் கட்டுறியா?"

"லயமெண்டா என்னப்பா?"

அவளுக்குத் தெரியாதுதான். ஒரே தகரத்துக்குக் கீழே வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பம். பக்கத்து அறையில் இருமினால் இங்கே குழந்தை எழும்பும். மண் தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம். மலையகத்தில் அப்படியொரு லயத்தில் பிறந்தவன் நான். கலவரத்தில் அடிபட்டு இங்கே வந்து, காடு வெட்டி, குடில் போடுவதற்கு முன்னமே எங்கள் ஆட்கள் செய்த வேலை வேலி அடைத்ததுதான். கூரை இல்லாமல் மழையில் நனைந்தோம், ஆனால் நான்கு பக்கமும் வேலி இருந்தது. இதையெல்லாம் சொன்னேன். அவள் அந்த வரிசையை அழித்தாள்.

பிறகு கட்டியதுதான் எங்கள் நகரம். நடுவில் குளம். குளக்கட்டோடு வளைந்து போகும் வீதி. விளையாட்டில் நேர்க்கோடுகள்தான் இலகு. நாங்கள் சின்னச் சின்ன மூலையாக வெட்டி வெட்டி அதை வளைத்தோம். வீட்டுக்கு வீடு இடைவெளி. இடைவெளியெல்லாம் மரம். மேலிருந்து பார்த்தால் பச்சைக்குள் கூரைகள் தெரியும். இன்றைக்கும் சொல்வேன், அதைவிட வடிவான ஊரை நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் இருந்த பெட்டைப்பிள்ளைக்குச் சிரிப்பு. "உன்ர டவுனில அடுத்த வீட்டில உப்பு வாங்க பஸ்ஸில எல்லோ போகோணும்!"

"உன்ர டவுனில சன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுக் கறிக்குள்ள கை விழும்," என்றாள் அக்கா.

ஆனால் வீடுகளின் மேல் மஞ்சளாக மின்னல் அடையாளம் மினுங்கத் தொடங்கியது. அவ்வளவு தூரத்துக்குக் கரண்டும் தண்ணீரும் இழுக்க அந்த நகரத்தின் கையில் காசு காணாது.

"அப்பா, சனம் போகுது."

"ஏனாம்?"

"கரண்ட் இல்லையாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நாங்க எத்தனை வருசமா கரண்ட் இல்லாமக் கிடக்கிறம்? இதுகளுக்குக் கொஞ்சமும் பொறுமை இல்லை."

"அதுகளுக்குப் போக வேற இடம் இருக்கப்பா," என்றாள் அவள்.

பார்வையிட ஒரு பெரியவர் வந்தார். நகரங்களைப் பற்றிப் படித்தவராம். அக்காவின் திரைக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா இது நகரமில்லைப் பிள்ளை, கிராமம். வீடுகளை ஏன் இப்பிடி எறிஞ்சு விட்டிருக்கிறீர்?"

அவள் என்னைப் பார்த்தாள். ஆளுக்கொரு காணி வேண்டும், வேலி வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். அவர் என் பேச்சைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஐயா மலையகமோ?"

"ஓம்."

"அதுதான்."

அந்த ஒரு சொல்லோடு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே கண்ணாடி மாடிகள், எட்டு வழி வீதி. அதைப் பார்த்து, அசல் நகரம் போலவே இருக்கிறது என்றார். அந்த அறையில் இருந்த ஒரு பிள்ளையும் அப்படியொரு நகரத்தைக் கண்டதில்லை.

மிஸ் நல்ல மனிசி. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "முடிவு இன்னும் குடுக்கேல்லை. வாற கிழமைக்குள்ள வீடுகளை நெருக்கி வையும். உமக்குத்தான் கை வளம் இருக்கு," என்று சொல்லியிருக்கிறார்.

சைக்கிளில் திரும்பினோம். வீட்டை நெருங்கும்போதுதான் சொன்னாள்.

"அப்பா, வாற கிழமை நீங்கள் வெளியில இருங்கோ."

"ஏன் பிள்ளை?"

"நீங்கள் பின்னுக்கு இருந்தா என்னால வரிசை போடேலாது."

வெளியில் இருந்தேன். ஜெனரேட்டர் இரைச்சலில் உள்ளே நடப்பது ஒன்றும் கேட்காது. முடியப்போகும் நேரம் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வீடுகள் தோளோடு தோள் முட்டி நின்றன. ஒவ்வொன்றிலும் வெளிச்சம். மின்னல் அடையாளம் ஒன்றுமில்லை. அவள் என்னைக் கண்டு, "ஒருத்தரும் போகேல்லையப்பா," என்று கத்திச் சொன்னாள். சந்தோசமாகத்தான் சொன்னாள்.

இடம் அவளுக்கே கிடைத்தது. புதுச் சட்டையும் தைத்தோம். வகுப்பு தொடங்குவதற்கு முன்னம் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்கான முகமாலைப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வர இருந்தவர் வரவே இல்லை. இந்தா தொடங்கும், அந்தா தொடங்கும் என்றார்கள். பிறகு அதுவும் சொல்லவில்லை.

ஜெனரேட்டருக்கு எண்ணெய் இருந்த கடைசிச் சனிக்கிழமை நானும் உள்ளே போனேன்.

"அந்தக் குளத்தடி ஊரை ஒருக்கா எடும் பிள்ளை, பாப்பம்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது இல்லையப்பா. அதை அழிச்சுப்போட்டு, அதுக்கு மேலதான் இதைக் கட்டினனான்."