மணி காட்டிக் கொடுக்குமா?

தேர்தலுக்கு முந்தைய வாரம் முழுக்க சிரே மான்ஜாங்குக்குச் சோறு இறங்கவில்லை. வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் ஆளுங்கட்சிக்கார சங்குங் வந்து பேசிவிட்டுப் போனதுதான் காரணம்.

"அக்கா, நம்ம பீப்பாய் மணிக்கு ஒரு சத்தம், மத்ததுக்கு வேற சத்தம். நான் அங்கயேதான் உக்காந்திருப்பேன். உங்க மகன் யாங்குபா அரசாங்க வண்டி ஓட்டுறான்ல? நெனப்புல வச்சுக்குங்க."

காம்பியாவில் ஓட்டு என்பது ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு. மறைப்புக்குப் பின்னால் அதிபர் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பீப்பாய் நிற்கும், அவரவர் நிறம் பூசி, படம் ஒட்டி. பிடித்தவரின் பீப்பாயில் குண்டைப் போட்டால் உள்ளே மணி ஒரு தடவை அடிக்கும். இரண்டு தடவை அடித்தால் கள்ள ஓட்டு. சைக்கிள் மணி குழப்பிவிடும் என்று அன்றைக்கு அந்தப் பக்கம் சைக்கிளையே விடமாட்டார்கள். பொழுது சாய்ந்ததும் எல்லார் கண்முன்னாலும் குண்டுகளைக் கொட்டி எண்ணுவார்கள். நாட்டிலேயே அதிகம் வாங்கியவருக்கு ஐந்து வருஷம் நாற்காலி. முறையில் குறையே கிடையாது. ஆனால் போடுகிறவளுக்கு உயிர்ப் பயம் இருந்தால் முறை என்ன செய்யும்?

போன தேர்தலில் ரொட்டிக்கடை உசைனு, அதிபர் படத்தைப் பார்த்து ஏதோ கிண்டல் சொல்லிச் சிரித்தான். மறுநாள் நம்பர் பலகை இல்லாத வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. அவன் அடுப்பு இன்றுவரை பற்றவைக்கப்படவில்லை.

"போகாம இருந்துடும்மா," என்றான் யாங்குபா.

"மை இல்லாத விரலை வச்சுகிட்டு எங்கடா ஒளியறது? நான் போகலன்னா உன் பொண்டாட்டிக்காக யார் கேக்குறது?"

போன மழைக்காலத்தில் யாங்குபாவின் மனைவி பிரசவத்தில் ரத்தம் போய்ச் செத்தாள். ஆஸ்பத்திரிக்கு இருந்த ஒரே வண்டியை அதிபர் கூட்டத்துக்கு ஆள் ஏற்ற அனுப்பியிருந்தார்கள். அதை ஓட்டிப் போனவன் யாங்குபாதான்.

தேர்தலன்று விரலில் மை வைத்து, உள்ளங்கையில் குண்டைக் கொடுத்தார்கள். வேட்பாளர்களின் ஆட்களோடு சங்குங் முன்வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறைப்புக்குள் போனதும் அவளுக்குக் கை வேர்த்து ஊற்றியது. குண்டு வழுக்கித் தரையில் விழுந்து, மறைப்புத் துணிக்கு அடியில் உருண்டு வெளியே போய்விட்டது. மணி அடிக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

"யாரும் தொடாதீங்க! அது அவங்க ஓட்டு. அவங்களே எடுக்கட்டும்," என்றார் தேர்தல் அதிகாரி அம்மா.

குண்டு சங்குங்கின் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. சிரே குனிந்தாள்.

"பாத்துப் போடுங்க அக்கா. கேட்டுகிட்டேதான் இருக்கேன்," என்று முணுமுணுத்தான்.

திரும்பி உள்ளே போனவளின் கை, தானாகவே அதிபரின் பீப்பாய் பக்கம் போனது. மகன் பிழைத்துக் கிடக்கட்டும், அவ்வளவுதானே வேண்டும். ஆனால் பீப்பாயில் சிரித்துக்கொண்டிருந்த அதே படம்தான் அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வண்டிக் கதவிலும் ஒட்டியிருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பக்கத்துப் பீப்பாயில் போட்டாள்.

டிங்.

வெளியே வந்து மாமரத்தடிவரை நடந்தாள். பின்னாலேயே செருப்புச் சத்தம். இப்போது பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள், அடுத்து மகனையும் என்று நினைத்தாள்.

சங்குங் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "எதுல அக்கா போட்டீங்க?"

அவளுக்கு உடனே விளங்கவில்லை. அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீதான் காதாலயே கண்டுபுடிச்சிருவேன்னியே? கேக்கலையா?"

அவன் வந்த வழியே திரும்பிப் போனான். சிரே ஓட்டுப் போட நின்றவர்களின் வரிசையோரம் நடந்தாள். நடுவில் உசைனுவின் மனைவி, வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரே அவள் காதருகே குனிந்தாள்.

"போயிடாத. எதுல போட்டேன்னு என்கிட்டயே கேக்குறான். அவனுக்கு ஒரு மண்ணும் தெரியல."

உசைனுவின் மனைவி பின்னால் நின்றவளிடம் திரும்பி அதையே சொன்னாள்.