சிரிக்காமல் படுத்திருந்தாள் அமுலு

அமுலு போய்விட்டாள்... முப்பத்திரண்டு வயசு.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் ஆறு வருஷமாக என் பக்கத்து டேபிள். இன்று மதியம் ஆரம்பாக்கத்தில் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன். சாப்பிடாமல் ஃபேஸ்புக்கில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எடுப்பதற்கு முன்னால் அவளுடைய சின்னவன் ஐஸ் பெட்டி மேலே குனிந்து, கண்ணாடியில் மூக்கை அழுத்தி, நாக்கை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். நாலு வயசு. யாரோ தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள், வர மாட்டேன் என்று திமிறினான்.

பெரியவள் வந்து அவன் கையைப் பிடித்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிற பெண்.

"போதும் வாடா... அம்மாதான் ஜெயிச்சாங்க."

சுற்றி இருந்தவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

போன வருஷம் அமுலு வீட்டுக்காரர் குமாருக்கு வேலை போனது. காண்ட்ராக்ட் ஆட்களை மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். மனுஷர் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார்.

ஒரே ரூம் வீடு... அப்பா முகத்தைப் பார்த்துப் பார்த்து, பிள்ளைகளும் ரகசியக் குரலில் பேச ஆரம்பித்துவிட்டன.

அப்போதுதான் அமுலு அந்த ஆட்டத்தைத் தொடங்கினாள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தரையில் மல்லாந்து படுத்துவிடுவாள். அம்மா இப்போது ஸ்டாச்சு, தொடக்கூடாது, சிரிக்க வைத்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். அவ்வளவுதான் ரூல்.

ஒருநாள் நானே பார்த்தேன். சின்னவன் குமாருடைய சேஃப்டி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சூப்பர்வைசர் மாதிரி பின்னால் கை கட்டிக்கொண்டு அவளைச் சுற்றி வந்தான்.

"இன்னாமா, தூங்கிக்கினே சம்பளமா?"

அமுலுவுக்கு உதடு துடித்தது. அடக்கிக்கொண்டாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த குமாரின் முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன்... சிரித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் அவரும் எழுந்து வந்து ஆட்டத்தில் சேர்ந்துகொண்டாராம்.

என் வீட்டிலும் செய்து பார்த்தேன். நானும் என் வீட்டுக்காரரும் மூன்று நாளாகப் பேசாமல் இருந்த சமயம். என் மகள் இட்லிப் பானை மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாள். முதலில் சிரித்தது அவர்தான்.

மறுநாள் கம்பெனி வேனில் அதை அமுலுவிடம் சொல்லி, எப்படிடி உனக்கு இதெல்லாம் தோன்றுகிறது என்று கேட்டேன்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வெளையாட்டுன்னு நெனச்சா ஆரம்பிச்சேன்? வந்து படுத்தா எழுந்துக்க முடியலக்கா. நெஞ்ச அடைச்சிக்கினு வருது. புள்ளைங்க பயந்துக்குமேன்னு அப்டி சொல்லிட்டேன்."

நாளைக்கே டாக்டரிடம் போகலாம், நான் கூட வருகிறேன் என்றேன். அவருக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்றாள்.

"நீ யாருக்கும் சொல்லாதக்கா. இப்பதான் வூட்ல சிரிப்பு சத்தம் கேக்குது."

சொல்லவில்லை.

குமாருக்குப் போன மாதம் வேலை கிடைத்தது. ஞாபகப்படுத்தினேன். அடுத்த வாரம் போகலாம் என்றாள். இன்னொரு தடவை கேட்டேன், மறுபடியும் அடுத்த வாரம் என்றாள். அப்புறம் நான் கேட்கவில்லை. டிஸ்பாட்ச் அவசரம், ஓவர்டைம், ஏதேதோ...

நேற்று சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிப் போனவள், வழக்கம் போல வந்து படுத்திருக்கிறாள். மூன்று பேரும் அவளைச் சுற்றி ஆடியிருக்கிறார்கள், பாடியிருக்கிறார்கள்.

இன்று பந்தலில் குமார் என் பக்கத்துச் சேரில் வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அர மணி நேரங்க்கா... இன்னிக்கு நல்லா தம் கட்றாளேன்னு நெனச்சி நானும் சிரிச்சிக்கினு இருந்தேன்."



பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார். "ஒடம்பு முடியலன்னு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளாக்கா?"

இல்லை என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளே பெரியவள் தம்பிக்கு பன்னைப் பிய்த்து டீயில் தொட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அங்கே உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

குமார்... நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

சொன்னாள். தீபாவளிக்கு முன்னாலேயே என்னிடம் சொன்னாள்.

கோபப்படுவதானால் படு அமுலு... போய் வா.