எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்

எல்லையோரப் பிரெஸ்ட் நகரில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே அறை. நடுவில் போர்வையைத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் நானும் என் மாமியாரும், மறுபக்கம் யாகித்தா அக்காவும் அவள் மகள் அசெத்தும் படுத்துக்கொண்டோம். எல்லோரும் ரஷ்யாவிலிருந்து தப்பி வந்த செச்சென்கள். எல்லோரும் பூக் ஆற்றைத் தாண்டி, அந்தப் பக்கத்து நாட்டில் அடைக்கலம் கேட்கக் காத்திருந்தவர்கள்.

அக்கா குதெர்மெஸ் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். கணவர் அபுரஷீத் அங்கேயே ஓட்டுநர். ஒருநாள் காலையில் சீருடைக்காரர்கள் வந்து அவரை இருக்கையிலிருந்து இழுத்துப்போனார்கள். அக்காவின் கண்ணெதிரே ஜன்னல், கையருகே மைக். வழக்கமான குரலிலேயே அறிவித்தாள்: காசாவ்யூர்த் பேருந்து இன்று போகாது, அதன் ஓட்டுநர் அபுரஷீதை இழுத்துக்கொண்டு போகிறார்கள், பார்க்கிறவர்கள் அந்த முகங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அப்படி யாரும் பேசுவதில்லை. சில நாளில் அவருடைய உடல் வந்தது. துக்கம் முடிவதற்குள் அக்காவைத் தேடியும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அண்ணன்மார் அவளையும் அசெத்தையும் மாஸ்கோ ரயிலில் ஏற்றிவிட்டார்கள்.

பிரெஸ்டிலிருந்து காலை ரயில். ஆற்றைத் தாண்டினால் ஒரு கூடம், வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். நடந்ததையெல்லாம் ரஷ்ய மொழியில் சொல்லுவோம். எல்லைக் காவலர் தலையை ஆட்டிக்கொண்டே தன் மொழியில் எழுதுவார். கடைசியில் பார்த்தால், அடைக்கலம் என்ற பேச்சே இல்லாமல், வேலை தேடி வந்ததாக இருக்கும். மத்தியான ரயிலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; மறுநாள் மறுபடியும் போவோம். கால் வளைந்துபோன என் மாமியாருக்கும் அதையேதான் எழுதினார்கள்.

"எழுபது வயசுல எனக்கு என்ன வேலைன்னு அவனாவது சொல்லலாம்ல? பிடிச்சிருந்தா சேர்ந்துக்குவேன்" என்றாள் மாமியார். ரயில் பெட்டியே சிரித்தது.

வேறு வழியும் இருந்தது. வேன்காரன் ஒருவன் ஒளித்துவைத்து ஜெர்மனிவரை கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். அங்கே பிடிபட்டால், முதலில் எந்த நாட்டில் நுழைந்தாய் என்று பார்த்து, அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள். அக்காவின் சித்தப்பா மகனுக்கு அப்படித்தான் ஆனது. அக்கா மறுத்துவிட்டாள். "நான் எதையும் திருடிக்கிட்டு ஓடலை. வாசல் வழியாத்தான் போவேன்."

பிறகொரு காலை, இளவயதுக் காவலர் ஒருவர் எழுதி முடித்துத் தாளைத் தள்ளினார். அக்கா பேனாவைத் தொடவில்லை.

"எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க."

நேரமில்லை என்றார் அவர்.

"எனக்கு இருக்கு. மத்தியான ரயில் வரைக்கும் இருக்கு."

சலித்துக்கொண்டே படித்தார். அவர்கள் மொழியில் வேலை என்பதற்கு என்ன சொல் என்று எங்களுக்கு அதற்குள் பழகியிருந்தது.

"எனக்கு வேலை இருந்துச்சு தம்பி. என் புருஷனைக் கொன்னாங்க. இப்ப என்னைத் தேடுறாங்க. நான் சொன்னது அதுதான். அதை எழுதுங்க."

பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. அந்தக் குரல் தானாகவே எல்லா மூலைக்கும் போகும். "என்ன எழுதியிருக்குன்னு தெரியாம யாரும் கையெழுத்துப் போடாதீங்க. படிச்சுக் காட்டச் சொல்லுங்க. பக்கத்துல நிக்கிறவங்க காதுகொடுத்துக் கேளுங்க."

இரண்டு காவலர்கள் கையைப் பிடித்து இழுத்துவந்து ரயிலில் ஏற்றினார்கள். பெட்டியில் எங்களுக்குள்ளேயே சண்டை. கிரோஸ்னிக்காரர் இத்ரீஸ் கோபத்தில் கத்தினார்: "உன்னால நம்ம எல்லாருக்கும் கதவைச் சாத்திடுவாங்க."

"தெறந்தா இருக்கு, சாத்துறதுக்கு?" என்றாள் அக்கா.

மறுநாள் முதல் ஆளாகப் படித்துக் காட்டச் சொன்னது என் மாமியார். அடுத்த ஜன்னலிலும் யாரோ கேட்டார்கள். மத்தியான ரயில் தாமதமாகப் புறப்பட்டது. அந்த வாரம் முழுவதும் அப்படியே நடந்தது. செய்தி அந்த நாட்டுத் தலைநகரம்வரை போய், ஹலினா என்ற வழக்கறிஞர் வந்தார். அவரைக் கூடத்துக்குள் விடவில்லை. நாங்கள் திரும்பும்போது ரயில் ஜன்னல் வழியாக ஒவ்வொருவரிடமும், என்ன சொன்னீர்கள், என்ன எழுதினார்கள் என்று கேட்டுக்கொண்டு மேலிடத்தில் புகார் கொடுத்தார்.

அதன்பிறகு ஒருநாள் நரைத்த தலையோடு ஒரு பெண் அதிகாரி ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். அக்கா சொன்னதைக் கேட்டு எழுதி, கேட்காமலேயே படித்துக் காட்டினார். கணவர் கொல்லப்பட்டது இருந்தது. அவளைத் தேடுவதும் இருந்தது. அசெத் விம்மத் தொடங்கினாள். அக்கா அவள் தோளை அழுத்தினாள். "அப்புறம் அழலாம். மொதல்ல கையெழுத்து."

அக்காவும் அசெத்தும் அந்த நாட்டுக்குள் போனார்கள். எங்களுக்கு இன்னும் ஒரு குளிர்காலம் ஆனது. இத்ரீஸுக்குக் கடைசிவரை அனுமதி கிடைக்கவில்லை. ஊருக்கே திரும்பிப் போனார்; பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை. அந்தப் பெயர் வந்தால் அக்கா பேச்சை நிறுத்திவிடுவாள்.

இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிறாள். விடுமுறை நாட்களில் ஹலினாவோடு எல்லைக்குப் போய், கூடத்துக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். யாருக்காவது மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருக்கும். ஒருமுறை நானும் போயிருந்தேன். காவலர் ஒருவர் வந்து, நாற்காலி வழியில் இடைஞ்சலாக இருக்கிறது என்றார். அக்கா மரியாதையாக எழுந்து, அதை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அவர் கதவுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதே இடத்தில் விரித்துப்போட்டு உட்கார்ந்தாள்.